நீங்கள் போடாத கையெழுத்தில் உங்கள் நிலம் கைமாறியிருந்தால்: டெல்டா நிலக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெரும்பாலும் இது தற்செயலாகத்தான் வெளியே வரும். சம்பா பயிர்க்கடனுக்காகத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் சிட்டா கேட்பார்கள், எடுத்துப் பார்த்தால் வேறு பெயர் இருக்கும். பயிர்க் காப்பீடு கட்டப் போனால், அந்த சர்வே எண்ணுக்கு ஏற்கெனவே வேறொருவர் கட்டிவிட்டதாகச் சொல்வார்கள். இல்லையென்றால் குத்தகைக்காரர் போன் செய்து, "ஐயா, யாரோ நிலத்தை வாங்கிட்டோம்னு வந்து நிக்கிறாங்க" என்பார். நிலம் மன்னார்குடிப் பக்கமும் பிழைப்பு சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் குடும்பங்களில் இது அதிகம் நடக்கிறது. வருடக்கணக்கில் யாரும் வில்லங்கம் (நிலத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியல்) போட்டுப் பார்ப்பதில்லை என்பது மோசடிக்காரர்களுக்குத் தெரியும்.

பதறி ஓடுகிற முதல் வாரத்தில் செய்கிற தவறுகள்தான் பிறகு வழக்கைக் கெடுக்கின்றன. அதனால் எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்ற வரிசையில் இதைச் சொல்கிறோம்.

முதல் நாள்: தேதியைக் குறியுங்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்

போலி ஆவணத்தை ரத்து செய்யக் கோரும் வழக்கை, அதைப் பற்றித் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் போட வேண்டும் (காலவரம்புச் சட்டம், அட்டவணையின் 59-ஆம் கூறு). ஆவணம் பதிவான நாளை வைத்துக் கணக்கு ஓடுவதில்லை. ஆகவே எப்போது, எப்படித் தெரிந்தது என்பதற்குச் சான்று வேண்டும். வில்லங்கச் சான்றைப் பதிவிறக்கம் செய்த தேதி, குத்தகைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, வங்கிக் கடிதத்தின் உறை என எதையும் தூக்கிப் போடாதீர்கள். "இரண்டு வருஷத்துக்கு முன்பே ஊரில் பேசிக்கொண்டார்கள், நம்பவில்லை" என்று காவல் நிலையத்தில் பேச்சுவாக்கில் சொல்கிற ஒரு வரியே எதிர்த் தரப்புக்குப் போதும்.

பிரச்சினை வெளியே வந்ததும் யாராவது ஒருவர் சமாதானம் பேச வருவார். "ஒரு ரத்துப் பத்திரம் போட்டுவிடலாம், வழக்கு எதற்கு" என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், முதல் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் நீங்கள்தான் என்று நீங்களே ஒத்துக்கொண்டது போல ஆகும். போதாக்குறைக்கு, கிரையப் பத்திரத்தை ஒருவர் மட்டும் தனியாக ரத்து செய்தால் அது செல்லவும் செல்லாது. மூலப் பத்திரத்தையும் யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். வழக்கறிஞருக்குக்கூட நகல் கொடுத்தால் போதும், அசலை நீதிமன்றத்தில் காட்டும் நாளில் எடுத்துச் செல்லலாம்.

நிலத்தை வாங்கியவர் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போடுவதும் வேண்டாம். அவரும் ஏமாந்தவராக இருக்கக்கூடும். நல்லெண்ணத்தில் வாங்கினார் என்பதற்காகப் போலிப் பத்திரம் உண்மையாகிவிடாது. விற்றவருக்கு உரிமை இல்லையென்றால் வாங்கியவருக்கும் இல்லை. ஆனால் தரகர் யார், பணம் எந்தக் கணக்குக்குப் போனது, ஆளை யார் கூட்டிவந்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பகைத்துக்கொண்டால் நல்ல சாட்சி ஒன்று கைவிட்டுப் போகும்.

வில்லங்கம் பார்ப்பது: ஒரு எண்ணோடு நிறுத்தாதீர்கள்

பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். வெறும் தற்போதைய சர்வே எண்ணை மட்டும் போடுவது போதாது. உட்பிரிவு ஆவதற்கு முந்தைய எண், உட்பிரிவு எண்கள் ஒவ்வொன்றும், பழைய சர்வே எண் எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். கிராமம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் இரண்டிலும் தேட வேண்டும். ஒரு நிலத்தில் கைவைத்தவர்கள் அதே ஆதார் நகலை வைத்து மற்றதிலும் கைவைத்திருக்கலாம் என்பதால், குடும்பத்தின் பெயரில் உள்ள எல்லா நிலத்துக்கும் போட்டுப் பாருங்கள்.

வழக்கமான சங்கிலி இப்படி இருக்கும்: உங்கள் பெயரில் நின்ற ஓர் ஆள் பவர் (உங்கள் சார்பில் நிலத்தை விற்க அதிகாரம் தரும் ஆவணம்) எழுதிக் கொடுப்பார். பவர் வாங்கியவர் தன் கூட்டாளிக்குக் கிரையம் செய்வார். கூட்டாளி ஓரிரு மாதத்தில் வெளியூர்க்காரருக்கு விற்பார். அவர் வங்கியில் அடமானம் வைப்பார். இதில் ஒவ்வொரு கண்ணியின் ஆவண எண்ணும் ஆண்டும் உங்களுக்கு வேண்டும். பவர் மட்டும் வில்லங்கத்தில் தெரியாமல் போகலாம். சாதாரணமாகப் பதிவு அலுவலகத்தில் நிலம் சார்ந்த ஆவணங்கள் 1-ஆம் புத்தகத்திலும், பழைய பவர்கள் 4-ஆம் புத்தகத்திலும் பதிவாகியிருக்கும். வில்லங்கச் சான்று 1-ஆம் புத்தகத்தைத்தான் காட்டும். கிரையப் பத்திரத்தின் வாசகத்தில் பவரின் எண் கட்டாயம் எழுதப்பட்டிருக்கும், அங்கிருந்து எடுங்கள்.

சான்றிட்ட நகல்: குற்றவாளியின் முகம் இங்கேதான் இருக்கிறது

ஒவ்வொரு ஆவணத்துக்கும் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். 1-ஆம் புத்தக ஆவணத்தின் நகலை யார் வேண்டுமானாலும் பெறலாம். 4-ஆம் புத்தக ஆவணம் சம்பந்தப்பட்டவருக்கு மட்டுமே கிடைக்கும். எழுதிக் கொடுத்தவர் என்று உங்கள் பெயரே இருப்பதால் நீங்கள் சம்பந்தப்பட்டவர்தான். ஆதாரைக் காட்டிக் கேளுங்கள்.

நகல் வந்ததும் சொத்து விவரத்துக்குத் தாவாமல் ஓரங்களைப் படியுங்கள். புகைப்படமும் பெருவிரல் ரேகையும் யாருடையவை என்று பாருங்கள். அடையாளம் காட்டிய சாட்சிகளின் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, அவர்கள் கொடுத்த அடையாள அட்டை எண் எல்லாம் இருக்கும். உங்கள் பெயரில் நின்றவரைத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள்தான். கடைசிப் பக்கத்தில் பத்திரம் தயாரித்தவர் பெயரும் உரிம எண்ணும், முத்திரைத்தாளின் பின்புறம் விற்பனையாளர், தேதி, வாங்கியவர் பெயரும் இருக்கும். முத்திரைத்தாள் வாங்கிய தேதிக்கு முந்தைய தேதியில் பத்திரம் எழுதப்பட்டிருந்தால், அது ஒன்றே பெரிய சான்று. "மூலப் பத்திரம் தொலைந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூலப் பத்திரம் உங்கள் பீரோவில் இருக்கும்போது அவர்கள் காவல் நிலையத்தில் காணவில்லைச் சான்று வாங்கியிருந்தால், அந்தச் சான்றும் போலி, அல்லது பொய்ப் புகாரில் பெற்றது.

சொத்து விவரத்தில் டெல்டாவுக்கே உரிய ஒரு சோதனை உண்டு. நம் பழைய பத்திரங்களில் அளவு வேலி, மா, குழிக் கணக்கில் இருக்கும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட், ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். ஊர் தெரியாதவர்கள் தயாரிக்கிற பத்திரங்களில் இந்த மாற்றுக் கணக்கும் நான்கெல்லையும் தடுமாறும். தூர்ந்துபோன வாய்க்காலையும் இறந்துபோன பக்கத்து நிலக்காரரையும் பழைய நகலிலிருந்து அப்படியே எல்லையாக எழுதியிருப்பார்கள். உங்கள் மூலப் பத்திரத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த வகை மோசடி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதைத் தவறாகச் சொன்னால் நல்ல வழக்கும் தோற்கும்.

உங்கள் பெயரைச் சொல்லி வேறொருவர் பதிவு அலுவலகத்தில் நின்றிருந்தால் அது ஆள்மாறாட்டம். படமும் ரேகையும் உங்களுடையதாக இருக்காது.

கையெழுத்தும் ரேகையும் உங்களுடையவைதான், ஆனால் கடன் வாங்கியபோது அடமானம் என்று சொல்லிக் கிரையத்தில் வாங்கிக்கொண்டார்கள் என்றால் அது ஏமாற்று. இங்கே "என் கையெழுத்தே இல்லை" என்று வாதாடினால் ரேகைச் சோதனையில் பொய்யாகிவிடும், உண்மையான குறையும் காதில் ஏறாது. என்ன சொல்லி வாங்கினார்கள், எவ்வளவு பணம் கைக்கு வந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

இறந்துபோன அப்பாவோ பாட்டியோ இறப்புக்குப் பிந்தைய தேதியில் கையெழுத்திட்டதாக இருந்தால் இறப்புச் சான்றே போதுமான ஆதாரம். வாரிசுச் சான்றில் அக்கா தங்கைகளை விட்டுவிட்டு, இருப்பவர்கள் மட்டும் விற்றிருந்தால் அது வேறு கதை. விற்றவர்கள் தங்கள் பங்குக்கு உரிமை உள்ளவர்கள், விடுபட்ட உங்கள் பங்கைப் பொறுத்தவரை மட்டுமே பத்திரம் உங்களைக் கட்டுப்படுத்தாது.

இன்னொருவர் "இது என் நிலம்" என்று தன் சொந்தப் பெயரிலேயே விற்றிருந்தால், அதைச் சட்டம் 'பொய் ஆவணம்' என்று எடுத்துக்கொள்வதில்லை. உச்ச நீதிமன்றம் 2009-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்களுக்கு சிவில் வழக்கு உண்டு, ஆனால் போலி ஆவணப் பிரிவுகளில் புகார் நிற்காது.

காவல்துறைப் புகார்: "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பாதபடி எழுதுவது

மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் கீழ் இயங்கும் நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவிலோ மாவட்டக் குற்றப் பிரிவிலோ கொடுங்கள். புகாரில் தாத்தா காலத்துப் பாகப் பிரிவினையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். உரிமைக் கதை நீண்டால் "கோர்ட்டுக்குப் போங்க" என்ற பதில்தான் வரும். முதல் பத்தியிலேயே குற்றத்தைச் சொல்லுங்கள்:

"இன்ன சார்பதிவாளர் அலுவலகத்தில், இன்ன தேதியில், இன்ன எண்ணில் பதிவான பவர் ஆவணத்தில் எழுதிக் கொடுத்தவர் என்று என் பெயர் உள்ளது. அதில் ஒட்டப்பட்டுள்ள படமும் பெருவிரல் ரேகையும் என்னுடையவை அல்ல. அன்று நான் இன்ன ஊரில் இருந்தேன், சான்று இணைத்துள்ளேன். என் பெயரில் ஆஜரான நபரையும், அவரை அடையாளம் காட்டிய இரு சாட்சிகளையும், பவர் பெற்றவரையும் விசாரிக்கக் கோருகிறேன்."

அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதற்குப் பாஸ்போர்ட் முத்திரை, அலுவலக வருகைப் பதிவு, மருத்துவமனை ரசீது எது இருந்தாலும் சேருங்கள்.

குற்றம் 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் இந்திய தண்டனைச் சட்டம் 419, 420, 467, 468, 471. அன்றோ அதற்குப் பிறகோ என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 319, 318(4), 338, 336(3), 340(2). மதிப்புடைய ஆவணத்தைப் போலியாகத் தயாரித்ததற்கு 10 ஆண்டு வரை சிறை, ஆயுள் தண்டனைகூட உண்டு. ஆவணம் எந்தத் தேதியில் பதிவானதோ அந்தத் தேதியை வைத்துப் பிரிவைக் குறிப்பிடுங்கள். புகார் கொடுத்த தேதியை வைத்துப் பார்க்கக் கூடாது.

புகாரை வாங்கிக்கொண்டதற்கு மனு ஏற்பு ரசீது கேட்டு வாங்குங்கள். வழக்குப் பதியாவிட்டால் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால், அதற்கும் பலனில்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனு (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4), 175(3)). கண்காணிப்பாளருக்கு எழுதாமல் நேரே நடுவரிடம் போனால் மனு திரும்பும்.

நின்ற ஆளைப் பிடிக்க வேண்டும் என்பதை விடாமல் வற்புறுத்துங்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு தமிழ்நாட்டு வழக்கில், ஆள்மாறாட்டம் செய்தவரைக் கண்டுபிடிக்கவே இல்லை. ஆவணத்தைத் தயாரித்தவர் அவர்தான் என்பதால், அதனால் பயனடைந்தவர்கள் மீதான போலி ஆவணக் குற்றம் நிற்காமல் போனது. சாட்சிகளும் படமும் இருக்கிறபோது விசாரணை அதிகாரிக்கு வழி இருக்கிறது. பதிவு அலுவலகக் கண்காணிப்புக் கேமராப் பதிவு சீக்கிரம் அழிந்துவிடும். பதிவு சமீபத்தியது என்றால், அதைப் பாதுகாக்கச் சொல்லி அன்றே எழுதிக் கொடுங்கள்.

கையெழுத்தைவிட ரேகை பெரிது. கையெழுத்து நிபுணர் சொல்வது கருத்து மட்டுமே, இரண்டு நிபுணர் இரண்டு விதமாகவும் சொல்வார்கள். பெருவிரல் ரேகை அப்படியல்ல. சார்பதிவாளர் அலுவலகத்தில் ரேகைப் பதிவேடு தனியாக இருக்கும். அதிலுள்ள ரேகையை உங்கள் ரேகையோடு விரல்ரேகைக் கூடத்தில் ஒப்பிடக் கோருங்கள். நகலில் மங்கியிருந்தால் கவலை வேண்டாம், ஒப்பீட்டுக்குப் பதிவேட்டின் அசல் போகும்.

பதிவுத் துறைக்குக் கடிதம்: என்ன கேட்கலாம், என்ன கிடைக்காது

சார்பதிவாளருக்கும் மாவட்டப் பதிவாளருக்கும் புகாரின் நகலோடு எழுதுங்கள். மூன்றைக் கேளுங்கள்: ரேகைப் பதிவேட்டையும் ஆவணப் படிமத்தையும் பாதுகாப்பது, இதே சொத்தில் அடுத்த ஆவணம் வந்தால் உங்கள் ஆட்சேபத்தைக் கருத்தில் கொள்வது, பதிவுச் சட்டம் 82, 83 பிரிவுகளின்படி குற்ற நடவடிக்கை எடுப்பது. பதிவு அலுவலரிடம் ஆள்மாறாட்டம் செய்வதற்கு 82-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு.

மாவட்டப் பதிவாளரே போலிப் பத்திரத்தை ரத்து செய்துவிடுவார் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அதிகாரத்தைக் கொடுத்த 77-ஏ பிரிவு 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் அதைச் செல்லாது என்று அறிவித்தது. அந்த மனுவை நம்பி 3 ஆண்டு காலவரம்பைக் கரைத்துவிடாதீர்கள். நம்பிப் போக வேண்டிய இடம் சிவில் நீதிமன்றம்.

பட்டா: ஓடும் கடிகாரம்

முழு சர்வே எண்ணும் விற்கப்பட்டு உட்பிரிவு தேவைப்படாவிட்டால், பத்திரம் பதிவானதும் பட்டா தானாகவே மாறிவிடக்கூடும். அதனால் வட்டாட்சியருக்கு ஆட்சேப மனு தாமதிக்கக் கூடாது. ஏற்கெனவே மாறியிருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதன்மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. எந்த ஆவணத்தை வைத்து மாற்றினார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். போலி வாரிசுச் சான்று இருந்தால் அந்தக் கோப்பில்தான் அகப்படும்.

அனுபவம் (நிலம் உங்கள் கைவசம் இருப்பது) உங்களிடம் இருக்கிறது என்பதற்கான சான்றுகளை இப்போதே சேருங்கள். ஒவ்வொரு பசலிக்கும் அடங்கல் என்ற பயிர்ப் பதிவு (பசலி என்பது வருவாய்த் துறையின் ஆண்டு, ஜூலை 1-இல் தொடங்கும், 2024 ஜூலையில் தொடங்கியது 1434), நிலவரி ரசீது, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீது, பயிர்க் காப்பீட்டு ரசீது, பம்புசெட் மின் இணைப்பு. குத்தகைக்காரர் உழுதாலும் அனுபவம் உங்களுடையதுதான். ஆனால் எதிர்த் தரப்பு அவரிடம் புதிய குத்தகைச் சீட்டு எழுதி வாங்கப் பார்க்கும். அவரை நேரில் பார்த்துப் பேசுங்கள், விளைச்சல் கணக்கைத் தாளில் வையுங்கள். நாற்று விடும் சமயத்தில் டிராக்டர் இறக்கி அனுபவத்தைக் கைப்பற்ற முயல்வது வழக்கம். குறுவைக்கும் சம்பாவுக்கும் முன்னால் தடையுத்தரவு கையில் இருப்பது நல்லது.

சிவில் வழக்கு

நீங்கள் எழுதிக் கொடுக்காத ஆவணம் என்பதால், அது செல்லாது, உங்களைக் கட்டுப்படுத்தாது என்று விளம்புகை (நீதிமன்றத்தின் அறிவிப்பு) கேட்பதே பொதுவான வழி. உங்கள் கையெழுத்து உண்மையாக இருந்து ஏமாற்றி வாங்கப்பட்டிருந்தால் ரத்து கேட்க வேண்டும். இரண்டுக்கும் நீதிமன்றக் கட்டணக் கணக்கு வேறு, வழக்கறிஞரிடம் இதை முதல் நாளே பேசுங்கள்.

வழக்கு எங்கே இடறும் என்பதுதான் முக்கியம். சங்கிலியில் கடைசிக் கிரையத்தை மட்டும் எதிர்த்து, மூலமான பவரை விட்டுவிடுவது ஒன்று. அடமானம் வைத்த வங்கியைத் தரப்பினராகச் சேர்க்காமல் விடுவது இன்னொன்று. எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது அனுபவம் பற்றிய பரிகாரம். நிலம் உங்கள் கையில் இருந்தால் விளம்புகையோடு நிரந்தரத் தடை கேளுங்கள். கைவிட்டுப் போயிருந்தால் சுவாதீனமும் (நிலத்தைத் திரும்ப ஒப்படைப்பது) சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்கத்தக்க பரிகாரத்தைக் கேட்காமல் வெறும் விளம்புகை மட்டும் கேட்டால், தனிப் பரிகாரச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி வழக்கே தள்ளுபடியாகும்.

வழக்கு எண் கிடைத்ததும் சார்பதிவாளர், வட்டாட்சியர், அடமான வங்கி மூவருக்கும் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். உயர் நீதிமன்றம் வரை போக நேர்ந்தால் தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் சென்னைக்கும் போகும். ஒரே குடும்ப நிலம் இரண்டு மாவட்டத்திலும் கிடந்தால் இதைக் கணக்கில் வையுங்கள்.

உங்கள் பெயரில் கடன் வாங்கியிருந்தால்

நிலத்துக்குப் போலி போட்டவர்கள் அதே ஆதாரில் கடனும் வாங்கியிருக்கலாம். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கிலும் எடுங்கள். நீங்கள் வாங்காத கடன் இருந்தால் வங்கிக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கூட்டுறவு சங்கத்தில் உங்கள் பெயரில் பயிர்க்கடன் எழுதப்பட்டிருந்தால் மண்டல இணைப் பதிவாளருக்கு எழுதி, கூட்டுறவு சங்கங்கள் சட்டம் 81-ஆம் பிரிவில் விசாரணை கோருங்கள். வாங்காத கடனில் "கொஞ்சம் கட்டிவிடுங்கள், மீதியைப் பார்க்கலாம்" என்றால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகும்.

ஆதாரில் விரல்ரேகைப் பூட்டைப் போடுங்கள், சந்தேகம் இருந்தால் 1947-ஐ அழையுங்கள். எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற வரலாறு கடந்த 6 மாதத்துக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால் முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். இனி நகல் கொடுக்கும்போது முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று எழுத்தின்மேல் படும்படி குறுக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

தீர்ப்பு வந்த பிறகு

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் வில்லங்கச் சான்று தானாக மாறாது. ஆவணத்தை ரத்து செய்யும் தீர்ப்பாணையின் நகலை நீதிமன்றமே பதிவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், அங்கே அதைப் புத்தகத்தில் குறிப்பார்கள் (தனிப் பரிகாரச் சட்டம், 31(2)). அனுப்பினார்களா என்று விசாரித்துத் தொடருங்கள். விளம்புகைத் தீர்ப்பாணை என்றால் சான்றிட்ட நகலை எடுத்து நீங்களே உடனே பதிவுக்குக் கொடுங்கள். மேல்முறையீடு நிலுவையில் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, அதே நகலோடு வட்டாட்சியரிடம் பட்டா மாற்றத்துக்கு மனு போடுங்கள். பிறகு மறுபடி ஒருமுறை எல்லா சர்வே எண்ணுக்கும் வில்லங்கம் எடுத்து, தீர்ப்பு அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.